கோல்கீப்பரோடு ஒரு சஹன் சோறு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், துபாய் தேராவில் நானும் என் மச்சானும் கூட்டாக ஒரு சூட்கேஸ் கடை வைத்திருந்தபோது நடந்தது இது. கடைக்கு மேலே சுமாரான ஒரு ஹோட்டல். விமானம் மாறிப் போகிறவர்கள் ஓரிரண்டு நாள் தங்கிப் போவார்கள். ஊருக்குப் போகிறவனுக்கு எப்படியும் ஒரு பெட்டி தேவைப்படும். அதனால் எங்கள் வியாபாரம் அந்த ஹோட்டலை நம்பித்தான் ஓடியது.

ஒரு புதன்கிழமை மாலை, நீல நிற டிராக் சூட் போட்ட ஒரு கூட்டம் கடைக்குள் நுழைந்தது. ஒரு நாட்டின் கால்பந்து அணி! எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ஒரு தீவு நாடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால், நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று அங்கே டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒருவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அவ்வளவு சின்ன நாடு.

தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றுக்காக வடக்கே ஒரு பெரிய நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முடிவு என்ன என்று எனக்குத் தெரியும். அன்று காலைப் பேப்பரிலேயே வந்திருந்தது. வாங்கிய கோல்களை விரல் விட்டு எண்ண இரண்டு கையும் போதாது. போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஊருக்கு விமானம் சனிக்கிழமைதான் என்பதால் ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். பெட்டிகளோடு நாங்கள் வைத்திருந்த சில்லறைச் சாமான்களில், பிள்ளைகளுக்குப் பொம்மை, மனைவிக்குப் போர்வை என்று விலை கேட்டார்கள். ஆனால் யாரும் பேரம் பேசவில்லை. எங்கள் கடையில் பேரம் பேசாமல் வாங்கிப் போன ஒரே கூட்டம் அதுதான்.

எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் வாசலில் நின்றார். நெடுநெடுவென்று உயரம், முப்பதை ஒட்டிய வயது. சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட ஹிந்தியில் கேட்டார்.

"பாய், இங்கே ஏதாவது வேலை கிடைக்குமா?"

எனக்குப் புரியவில்லை. விசா இருக்கிறதா என்றேன். ஹோட்டல் எடுத்துக் கொடுத்த டிரான்ஸிட் விசாதான் என்றார். பாஸ்போர்ட்? அணி மேனேஜரிடம் இருக்கிறது. கடை, குடோன், மீன் மார்க்கெட் எதுவானாலும் பரவாயில்லை, சனிக்கிழமை விமானத்தில் நான் ஏறப்போவதில்லை என்றார். வேறு யாரிடமாவது இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

வளைகுடாவில் விசா இல்லாமல் ஒளிந்து வேலை செய்கிறவர்களை 'கல்லிவல்லி' என்போம். கேலியாகத்தான் சொல்வோம், ஆனால் அந்த வாழ்க்கையில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்படி ஆறேழு வருடம் கிடந்தார். போலீஸ் வண்டியைக் கண்டால் சந்துக்குள் ஓடுவார். அவருடைய வாப்பா மவுத்தான செய்தி வந்தபோது கடைசியாக மையித்தின் முகம் பார்க்கப் போக வழியில்லாமல், எங்கள் ரூமில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை பாய்" என்றார். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. மேனேஜரிடம் போட்டுக்கொடுக்கவும் பிடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் பந்து விளையாடுவோம். வாருங்கள், பிறகு எங்களோடு சாப்பிடுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்" என்றேன். அவரை எப்படியாவது சனிக்கிழமை வரை கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

எங்கள் ஊர் கடற்கரை ஊர். கிரிக்கெட் எல்லாம் அங்கே அப்புறம்தான், முதலில் கால்பந்து. பிழைக்க வந்த இடத்திலும் அது விடவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து, நகரத்துக்கு வெளியே ஒரு மணல் வெளியில் இரண்டு பக்கமும் கம்பி நட்டு வைத்திருந்தோம். நான் சின்ன வயதிலிருந்தே கோல்கீப்பர். அப்போது தொப்பை வேறு வந்துவிட்டது. பாய்ந்து பந்தைப் பிடிப்பதெல்லாம் பழைய கதை.

சொன்னபடி வந்தார். எவ்வளவு கூப்பிட்டும் ஆட வரவில்லை. பிக்கப் வண்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் ஒரு பந்து துள்ளித் துள்ளி அவருடைய மார்புக்கு நேராகப் போனது. யாராக இருந்தாலும் கையால் பிடித்திருப்பார்கள். அவர் இரண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். பந்து மேலே பட்டுக் கீழே விழுந்த பிறகு காலால் தட்டிவிட்டார். அந்த நிமிடம் எனக்கு விளங்கிவிட்டது. அத்தனை கோலையும் வாங்கியவர் இவர்தான்.

ஜும்ஆ தொழுதுவிட்டு எங்கள் ரூமுக்கு வந்தோம். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கத்தரிக்காய் பருப்பு. எங்கள் ஊர் வழக்கப்படி சஹனில்தான் சாப்பாடு. பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. அன்று ஒரு சஹனில் நான், மச்சான், அவர் என்று மூன்று பேர்தான். இதில் ஒரு முறை உண்டு. எல்லோர் கையும் தட்டில் விழுந்த பிறகுதான் முதல் வாய். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது.

என் மச்சான் தங்கமான மனுஷன். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. நான் கண்டுபிடித்ததை அவரிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. விருந்தாளியோடு கலகலப்பாகப் பேச வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், இரண்டு வாய் உள்ளே போனதும் ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"ஆமா, இத்தனை கோல் உள்ள போயிருக்கே, உங்க கோல்கீப்பர் என்ன, தூங்கிட்டா நின்னாரு?"

விருந்தாளியின் கை தட்டிலேயே நின்றது. நான் மச்சானை முறைத்தேன்.

"என்ன மச்சான், நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படி முறைக்குதிய?" என்று என்னிடம் தமிழில் கேட்டார் மச்சான்.

"நான்தான் கோல்கீப்பர்" என்றார் விருந்தாளி.

மச்சானின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

விருந்தாளியே தொடர்ந்து பேசினார். "முதல் அஞ்சு ஆறு கோல் வரைக்கும் எதிர் அணிக்காரங்க ஓடிப்போய் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க பாய். அதுக்கப்புறம் கொண்டாடவே இல்லை. பந்தை எடுத்து நடுவுல வெச்சுட்டு மறுபடி வந்தாங்க. ஒருத்தன் என்னைப் பார்த்து தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவன் சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

கோலில் நின்ற எனக்கு அது புரிந்தது. மற்ற இடத்தில் நிற்பவன் தவறினால் பின்னால் ஒரு ஆள் உண்டு. கோல்கீப்பருக்குப் பின்னால் வலை மட்டும்தான். "விடுங்க, முடிஞ்சு போச்சு" என்றேன்.

"முடியலையே" என்றார்.

வென்ற அதே அணி சில வாரங்களில் இவர்களுடைய நாட்டுக்கு வருகிறதாம். மறு ஆட்டம். அங்கே இருப்பது ஒரே மைதானம். சுற்றி உட்காரப்போவது பெண்டாட்டி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் எல்லோரும்தான். அத்தனை பேர் கண்ணெதிரே இன்னொரு தடவை அப்படி நிற்க அவரால் முடியாது. அதற்குத்தான் மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கினாலும் பரவாயில்லை என்று துபாயில் ஒளியப் பார்த்தார்.

"உங்களுக்குப் பதிலா ஆள் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார் மச்சான்.

ஒருவர் இருந்தாராம். பயிற்சியில் விரல் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார். இவரும் போகாவிட்டால், பின்வரிசையில் ஆடும் ஒரு போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தாவைத்தான் கோலில் நிறுத்துவார்கள். நம் நாட்டில் ஒருவன் விலகினால் அந்த இடத்துக்கு ஆயிரம் பேர் முண்டியடிப்பார்கள். ஒரு நாட்டுக்கே மாற்று ஆள் இல்லாமல் போகும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் சாப்பிடவில்லை. நாங்களும் கையை எடுக்கவில்லை. நெய்ச்சோறு ஆறி வெள்ளையாக உறைய ஆரம்பித்தது. கடைசியில் அவருக்கே சங்கடமாகி, "நீங்க சாப்பிட்டு எழுந்திரிங்க பாய்" என்றார்.

"நீங்க முடிக்காம நாங்க எந்திரிக்க மாட்டோம். எங்க வழக்கம் அப்படி" என்றார் மச்சான்.

"சோறு ஆறினாலும்?"

"ஆறினாலும்தான்."

எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நாங்களும் சாப்பிட்டோம்.

தன் வாயால் வந்த வினைக்குப் பரிகாரம்போல, மச்சான் ஓடிப்போய் ஒரு டெலிபோன் கார்டு வாங்கி வந்தார். "இருக்கிறதும் போறதும் உங்க இஷ்டம். வீட்டுல ஒரு வார்த்தை பேசிடுங்க" என்று அவர் கையில் திணித்தார். அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு தலைநகரில் இருந்தாலும், வாப்பா இருக்கும் சொந்த ஊரைத்தான் கூப்பிட்டார். தூரத்தில் ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவுக்கே ஒரு போன், அதுவும் தீவு அலுவலகத்தில். கூப்பிட்டு யார் வேண்டும் என்று சொன்னால், ஆள் போய்க் கூட்டி வருவார்களாம். நாம் திரும்பக் கூப்பிட வேண்டும். தெருமுனை டெலிபோனில் முதல் தடவை பேசி வைத்துவிட்டு, மூன்று பேரும் நடைபாதையிலேயே காத்திருந்தோம். "வாப்பா வரமாட்டார்" என்று இரண்டு தடவை சொன்னார். அவருடைய வாப்பா மீன்பிடிப் படகு ஓட்டுகிறவர். தீவே படகுத்துறையில் கூடி அந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்திருப்பார்.

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது வாப்பா வந்திருந்தார். அவர்கள் பாஷை எங்களுக்குப் புரியவில்லை. இவர் அதிகம் பேசவும் இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். ஒரு கட்டத்தில் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அப்படியே நின்றுவிட்டார். கார்டு தீர்ந்து இணைப்பு அறுந்த பிறகும் ரிசீவரை வைக்கவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"என்னிக்கு வர்றேன்னு கேட்டார். மறு ஆட்டத்துக்குத் தலைநகரம் போக அவர் படகு தயாரா நிக்குதாம். பாதித் தீவு வர்றதாச் சொல்லியாச்சாம். இன்னொரு படகும் கேட்டிருக்காங்களாம்."

"முடிவு தெரிஞ்ச பிறகுமா?" என்று கேட்டுவிட்டு மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நானும் அதைத்தான் கேட்டேன். ரேடியோ கேட்டு முடிச்ச அப்புறம்தான் அத்தனை பேரும் வர்றேன்னு சொன்னாங்களாம்."

சொல்லிவிட்டு அழுதார். அத்தனை உயரமான மனுஷன் நடுத்தெருவில் விசும்பி அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. மச்சான் வெளிப்படையாகவே அழுதார்.

சனிக்கிழமை காலை, மனசு கேட்காமல் ஹோட்டல் வாசலுக்குப் போனேன். எல்லோரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் பையோடு வரிசையில் நின்றார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பயம் அப்படியே இருக்கு பாய். அது விடட்டும்னு காத்திருந்தா பஸ்ஸை விட்டுடுவேன்" என்றார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

மறு ஆட்டத்தின் முடிவு பேப்பரின் ஓரத்தில் ஒரே வரியாக வந்தது. தோற்றுத்தான் போனார்கள். முன்னைவிடக் கோல் குறைவு. ஆனால் சொல்லிப் பெருமைப்படும்படி அவ்வளவு குறைவும் இல்லை. கோலில் நின்றது அவரா என்று அந்த ஒரு வரியில் இல்லை. நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சில வருடங்கள் கழித்து எங்கள் கடை நொடித்துப்போனது. ஊருக்குத் திரும்பும் வளைகுடாக்காரனுக்காக ஊரே வேன் பிடித்து விமான நிலையம் வரும் காலம் அது. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் இறங்குவது? விசா முடிந்தாலும் இங்கேயே எங்காவது தங்கிவிடலாமா என்று நானும் யோசித்தேன். வீட்டுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு என் மனைவி, "எந்த பிளைட்டுன்னு சொல்லுங்க, வேன் சொல்லணும்" என்றாள்.

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது அந்த வேனில் உட்கார இடமில்லாத அளவுக்கு ஆள் வந்திருந்தார்கள். தோற்றது தெரிந்த பிறகும் நம்மைப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கோல்கீப்பரின் வாயால் கேட்டிருக்காவிட்டால், அன்று நான் அந்த விமானத்தில் ஏறியிருக்கவே மாட்டேன்.