வாசலில் இரண்டு உப்புக் குவியல்

ராமநாதபுரத்தில் நான் படித்த ஜப்பானிய மொழிப் பயிற்சி மையத்தில் அன்று நேர்காணல். ஜப்பானில் பழைய முறை விடுதி ஒன்றை நடத்தும் அம்மையார் கணினித் திரையில் இருந்தார். விருந்தினரை வரவேற்க ஒரே ஒரு பெண் வேண்டுமாம். எனக்கு முன்னால் போனவள் மதுரையில் கல்லூரி முடித்தவள். பேச்சில் தடங்கலே இல்லை. நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்.

அம்மையார் சாம்பல் நிறக் கிமோனோவின் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் மடித்து உடுத்தியிருந்தார். மாற்றி மடித்தால் பிணத்துக்கு உடுத்தும் முறையாகிவிடும் என்று வகுப்பில் படித்திருந்தோம்.

"இந்த வேலை ஏன் வேண்டும்?" என்றார். மனப்பாடம் செய்த பதிலில் இரண்டாவது வரி மறந்துபோனது. வேலை போயிற்று என்று நினைத்துத் தலை குனிந்தேன்.

நிமிர்ந்தபோது அவருக்குப் பின்னால் விடுதி வாசல் தெரிந்தது. தள்ளுகதவின் இருபுறமும் சிறு தட்டுகளில் வெள்ளையாகக் கூம்பு கூம்பாக ஏதோ இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது உப்புதானே?"

அவர் திரும்பிப் பார்த்தார். தீயது உள்ளே வராமலிருக்க வைப்பது என்றார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அதற்கு மனப்பாடம் தேவைப்படவில்லை. என் அம்மாவும் அய்யாவும் வாலிநோக்கத்தில் உப்பளத் தொழிலாளிகள், விடுமுறையில் நானும் உப்பு வாரியிருக்கிறேன், வரப்பில் குவித்த உப்பு தூரத்தில் இப்படித்தான் தெரியும், எங்கள் வீட்டிலும் கண் பட்டால் உப்பைத்தான் சுற்றிப் போடுவோம் என்றேன். வினைச்சொற்கள் அங்கங்கே இடறின. நான் நிறுத்தவில்லை.

"அப்படி ஒரு குவியல் செய்து காட்ட முடியுமா?" என்றார்.

மையத்தில் சமைக்கும் அக்காவிடம் கல்லுப்பு வாங்கினேன். தட்டில் கொட்டி, நீர் தெளித்து, இரு கையாலும் அணைத்து அமுக்கி உயர்த்தினேன். நின்றது. திரையில் அந்த அம்மையார் எனக்குத் தலை வணங்கினார்.

வேலை எனக்குத்தான், தினமும் காலையில் வாசலில் உப்பு வைப்பதும் என் பொறுப்பு என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். உப்பளத்துக்கு நேராகப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"உப்பு வேண்டாம்னுதான உன்னையப் படிக்க அனுப்பினேன். அங்கன போயும் உப்பா?"

"காலையில ரெண்டே ரெண்டு தட்டும்மா."

அய்யா உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ரெண்டு தட்டுக்கே சம்பளமா? நம்ம உப்பு அம்பாரத்தைப் பாத்தா அந்தம்மா என்ன குடுப்பாக?"

எங்கள் குடும்பத்தில் உப்பைக் குவிக்கத் தெரியாதவர் யாருமில்லை. அதை இன்னொரு நாட்டு மொழியில் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் பக்கத்துப் பாத்தியிலிருந்து யாரோ கேட்டார்கள், "மக அங்கன போய் என்ன வேலை பாக்கப் போறா?"

அம்மா நிமிரவே இல்லை. "காலையில எம்மக உப்பு வச்ச பெறகுதான் அங்கன வாசலே தொறக்கும்" என்றாள்.