நாலாவது அத்தியாயம் எங்கே?

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு பிரேக் டீச்சர் என்று பெயர். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவள் காலடியில் இன்னொன்று. பதினொரு வருஷமாக இவள் அதை மிதித்த மிதியில்தான் ஊரில் பல சுவர்கள் இன்னும் இடியாமல் நிற்கின்றன.

ஒருவர் பாடம் முடித்து இறங்கி அடுத்தவர் வந்து ஏறுவதற்குள் இருபது நிமிஷம் கிடைக்கும். மற்ற டீச்சர்கள் அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டே முதலாளியைத் திட்டுவார்கள். இவளோ பின் சீட்டுக்குப் போய், சாலைக் குறிகள் ஒட்டிய அட்டையை மடியில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நோட்டை விரித்து நாவல் எழுதுவாள். துறைமுகத்தில் அக்காவும் தங்கையும் நிற்கிறார்கள். கையில் ஒரே ஒரு கப்பல் டிக்கெட். இதுதான் கதை.

எழுதினால் போதுமா? புது ஆள் அனுப்புவதைப் பதிப்பகத்தார் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நடுவில் ஏஜென்ட் என்று ஒருவர் வேண்டும். அவர் படித்து, அவருக்குப் பிடித்து, அவர் போய்ப் பேசினால்தான் புத்தகம். அந்த ஏஜென்டுகள் முதலில் கேட்பது ஒரு கடிதத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களையும்தான். நம் டீச்சர் சறுக்கியது அங்கேதான். அனுப்புவாள்; வேண்டாம் என்று பதில் வரும்; மூன்றையும் திருத்தி அடுத்தவருக்கு அனுப்புவாள். நாலு வருஷத்தில் முப்பத்தெட்டு ஏஜென்ட். மூன்று அத்தியாயமும் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டன. நாலாவது அத்தியாயம்? ஒரு வரி கிடையாது! ஆனால் கடிதத்தில் மட்டும், “நாவல் முடிந்துவிட்டது, நானூறு பக்கம்” என்று கூசாமல் எழுதியிருந்தாள். அப்படி எழுதாவிட்டால் யாரும் சீண்ட மாட்டார்களாம்.

இந்த விஷயம் கூடவே இருக்கும் நாத்தனாருக்கு மட்டும் தெரியும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் கணவனுக்குத் தெரியாது. கண் பரிசோதனைக்கு யார் வந்தாலும், “என் வீட்டுக்காரி நானூறு பக்கம் எழுதி முடிச்சிட்டாங்க” என்று அந்த அப்பாவி தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் டாக்டர் ஒருவர் காரைப் பின்னால் எடுத்து நிறுத்தப் பழகிக்கொண்டிருந்தார். டீச்சரின் போனில் ஒரு மெயில் வந்து விழுந்தது. முப்பத்தொன்பதாவது ஏஜென்ட். ‘நின்றபடியே மூன்று அத்தியாயத்தையும் படித்து முடித்தேன். முழு நாவலையும் இன்றே அனுப்புங்கள்.’

“டீச்சர், பிரேக்!” என்று அலறினார் டாக்டர்.

“நீங்க போடுங்க!”

கார் போய்க் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. பதினொரு வருஷத்தில் முதல் முட்டல்.

“கெட்ட சேதியா?” டாக்டர் பயந்துபோய்க் கேட்டார்.

“நல்ல சேதிதான் டாக்டர். அதான் பிரச்சினையே.”

சாயங்காலம் சேதி கேட்ட கணவனுக்கு வாயெல்லாம் பல். “எங்கே அந்த நானூறு பக்கம்? உடனே அனுப்பு!” நாத்தனார் விட்டத்தைப் பார்த்தாள். டீச்சர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“என்கிட்டகூட சொல்லலையே?”

“நீங்க அவ்வளவு சந்தோஷமா ஊரெல்லாம் சொன்னீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிங்க சொல்றது?”

பிறகு அவனே யோசனை சொன்னான். “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுதிடு.”

“எத்தனை வருஷம் ரிப்பேர் பண்ணுவாங்க, அண்ணா?” என்றாள் நாத்தனார்.

டீச்சருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நாலு வருஷத்தில் வந்த ஒரே ஒரு ‘சரி’. அதையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாளே! பூசி மெழுக மனம் வரவில்லை. ‘மூன்று அத்தியாயம்தான் இருக்கிறது. மீதி எழுதவில்லை. பொய் சொன்னதற்கு மன்னியுங்கள்’ என்று அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் போன் வந்தது. ஏஜென்ட் ஒரு பெண். எடுத்ததும் சிரித்தாள்.

“இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்மா. மூணு அத்தியாயத்தோட நிக்கிறவங்க எத்தனை பேர்னு நினைக்கிறீங்க? எல்லாரும் கம்ப்யூட்டர் மேலதான் பழி போடுவாங்க. வாக்கெல்லாம் கொடுக்க மாட்டேன். முடிச்சு அனுப்புங்க, படிக்கிறேன். கப்பல்ல ஏறினது யாரு? அதை மட்டும் சொல்லிடுங்க.”

“எனக்கே தெரியாது மேடம்.”

“அட ராமா! சீக்கிரம் கண்டுபிடிங்க.”

அன்றைக்கே நாத்தனார் மூன்று அத்தியாயங்களையும் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “கடைசி வரி எழுதற வரைக்கும் இதுல கை வைக்கக் கூடாது, அண்ணி. வெச்சா பாருங்க!”

அதன்பிறகு எட்டு மாதம், தினம் அந்த இருபது நிமிஷங்களில் டீச்சர் எழுதித் தள்ளினாள். கன்னாபின்னாவென்று எழுதினாள். நாலாவது அத்தியாயம் குப்பை. ஐந்தாவது அதைவிடக் குப்பை. ஆறாவதில் என்னவோ நடந்தது. வழியனுப்ப வந்த அம்மா, மகள்கள் இருவரும் ‘நீ போ, நீ போ’ என்று மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பொறுமை இழந்து, டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு தானே கப்பலேறிவிட்டாள்! எழுதிய டீச்சரே பின் சீட்டில் கைதட்டிச் சிரித்தாள். பாடத்துக்கு வந்தவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பேசாமல் மூடிவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

முடித்த அன்று நாத்தனார் அலமாரியைத் திறந்தாள். டீச்சர் மூன்று அத்தியாயங்களையும் படித்தாள். அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதிய வேகத்தில் ஒன்றை மறந்துவிட்டிருந்தாள்: முதல் வரியிலேயே அம்மா செத்துப்போயிருந்தாள்; மீதியெல்லாம் அந்தத் துக்கம். ஒட்டுப்போட்டுப் பார்த்தாள், ஒட்டவில்லை.

“ஏஜென்ட் அம்மாவுக்குப் பிடிச்சது இது ஒண்ணுதானே?” என்றான் கணவன்.

“தெரியும்ங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மா உயிரோடு இருக்கும்படி புதிதாகத் தொடக்கம் எழுதி அனுப்பினாள்.

பத்தொன்பது நாள் கழித்து, பள்ளி வாசலில் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஏஜென்ட் கூப்பிட்டாள்.

“நான் ரசிச்ச மூணு அத்தியாயம் எங்கேம்மா?”

“எடுத்துட்டேன் மேடம்.”

“மூணையுமா?”

“மூணையும். அதுல அம்மா செத்துப்போயிருந்தாங்க. இந்தக் கதைக்கு அவங்க வேணும்.”

டீச்சர் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்க கப்பல் ஏறின இடத்தைப் பஸ்ல படிச்சேன்,” என்றாள் ஏஜென்ட். “இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி ரெண்டு ஸ்டாப் போயிட்டேன். உங்க புத்தகத்தை நான் எடுத்துக்கறேன்மா.”

டீச்சருக்குக் கண் நிறைந்து தெருவே கலங்கித் தெரிந்தது.

“மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க.”

ஏஜென்ட் இன்னொரு தடவை சொன்னாள்.