சட்டையில் சாம்பார் வாடை

விடுதியிலிருந்து வந்த மகளின் பையைத் திறந்ததும் எண்ணெய்ப் புகை வாடை அடித்தது. அவள் சுடிதாரை எடுத்து முகர்ந்தேன். சாப்பாட்டுக்கு அனுப்பும் பணம் எங்கே போகிறதோ என்று சந்தேகம் வந்தது. அப்பாவும் இப்படித்தான் முகர்வார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு அடி அண்ணாமலையில்; நிலக்கடலை விவசாயம். சென்னையில் படித்த அண்ணன் மாதம் ஒருமுறை அழுக்குத் துணியோடு வருவான். அம்மா ஊறவைக்கும் முன் அப்பா ஒவ்வொரு சட்டையையும் மூக்கருகே கொண்டுபோவார். பீடி வாடை இருக்கிறதா, பாக்கெட்டில் சினிமா டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் சாம்பார் வாடை.

"மெஸ்ஸுக்குப் பணம் வாங்கினு ஓட்டல்ல துன்றியாடா?" என்று அறைந்தார்.

"துன்னலப்பா, சாயந்திரம் அங்க பரிமாறுறேன். இந்த வருஷம் மல்லாட்ட விளைச்சல் கம்மினு அம்மா லெட்டர் போட்டாங்க. உங்ககிட்ட எப்படி ஜாஸ்தி கேக்கறது?"

அந்தச் சட்டையைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய் அப்பாவே துவைத்தார். அம்மா கேட்டும் தரவில்லை. அதற்குமுன் அவர் துணி துவைத்து நான் பார்த்ததேயில்லை.

மகள் குளித்துவிட்டு வந்தாள். எங்கெல்லாம் சுற்றினாய் என்று கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, "அனுப்பற பணம் பத்துதாடி?" என்றேன்.

தலை துவட்டிய கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் வேலைக்குப் போறேன்னு யாரும்மா சொன்னது?"