அடுப்படி பூரா பனி

சித்திரை வெயில் ஊரை வறுத்துக்கொண்டிருந்த ஒரு காலை. தல்லாகுளத்தில் உள்ள என் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, ஃப்ரிட்ஜ் போச்சு. அடுப்படி பூரா பனி. வழுக்கி விழுந்து இடுப்பே போயிருக்கும். சீக்கிரம் யாரையாவது புடிங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். ஃப்ரீசரில் பனி மண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நோய் இன்னதென்று தானே தீர்மானித்துவிட்டு டாக்டரிடம் மருந்தை மட்டும் கேட்கிற ஆள் நான். பக்கத்து மேசைக்காரர் தந்த எண்ணில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, "தம்பி, ஃப்ரீசர்ல பனி ஓவரா புடிக்குது, தெர்மோஸ்டாட்டா இருக்கும்" என்று சொன்னேன்.

"தெர்மோஸ்டாட்தாண்ணே. புதுசு ஒண்ணு கையோட எடுத்துட்டு வந்துர்றேன். இந்தா கெளம்பிட்டேன்."

மதுரை மெக்கானிக்குகள் பேசும் தமிழுக்குத் தனி இலக்கணம் உண்டு. 'வாரேன்' என்றால் நாளைக்கு. 'இந்தா கெளம்பிட்டேன்' என்றால் இன்னும் குளிக்கவில்லை. அதனால் அலுவலகத்தில் பெர்மிஷன் போட்டுவிட்டு நிதானமாகவே வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் பைக் ஏற்கெனவே நின்றிருந்தது. என் இலக்கணம் பொய்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர். தான் கைவைத்த ஃப்ரிட்ஜ் திரும்பப் படுத்ததாகச் சரித்திரமே இல்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஃப்ரீசர் கதவைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல பனியே இல்லையேண்ணே."

"பனியா?" என்றாள் மனைவி, கையில் பிழிந்த துணியோடு. "யாரு சொன்னா பனின்னு? கீழ பாருங்க, தண்ணி ஓடுது."

"நீதானே போன்ல சொன்ன. அடுப்படி பூரா பனின்னு."

"நான் எதுக்குங்க பனின்னு சொல்றேன்? எனக்கென்ன கிறுக்கா?"

மெக்கானிக்கின் பேச்சு அப்படியே நின்றது. ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, என் மனைவியை ஒரு முறை பார்த்தார். பிறகு தமிழல்லாத ஒரு பாஷையில் ஏதோ கேட்டார். கேள்வி சிறியதுதான். அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

அவள் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. தலைமுறை தலைமுறையாக நெசவு. அவர்கள் வீட்டுப் பேச்சில் தண்ணீருக்கு 'பானி' என்று பெயர். பதற்றத்தில் அவள் சொன்ன வேகத்தில் அது என் காதில் பனியாக விழுந்திருக்கிறது. என் அப்பா அழகர்கோவில் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். நானும் அவளும் அப்போது ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பழகி, யாரும் வராத ஒரு கல்யாணத்தைச் செய்துகொண்டோம். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா ஒற்றை ஆளாக வளர்த்த ஒரே பெண். அந்த அம்மா அன்றைக்குச் சாத்திய கதவை அதற்குப் பிறகு திறக்கவில்லை.

எங்களுக்கு மகள் பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கும் புரியட்டும் என்று தமிழில் பேசினாள். "அம்மா, நான்தான். பொண்ணு பொறந்திருக்கு." அந்தப் பக்கமிருந்தும் தமிழிலேயே பதில் வந்தது. "ராங் நம்பர்." அவ்வளவுதான். அம்மாவுக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் அப்படிச் சொன்னாரா என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த மகள் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். மறுபடி ஒரு தடவை அந்த எண்ணை அழுத்த இவளுக்குத் தைரியம் வரவே இல்லை.

மதுரையில் அந்தப் பாஷை காதில் விழாத கடைத்தெரு கிடையாது. ஆனாலும் இவள் எங்கேயும் தமிழிலேயே விலை கேட்பாள், தமிழிலேயே பேரம் பேசுவாள். யாராவது அடையாளம் கண்டு அந்தப் பாஷையில் பேச்சுக் கொடுத்தால், காதில் விழாதவள்போல் நகர்ந்துவிடுவாள். நான் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள் என்று பயம்.

அன்றைக்கு அடுப்படியில் நகர இடமில்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் இழுத்துப்போட்ட ஃப்ரிட்ஜ், நடுவில் தண்ணீர். மெக்கானிக் அதே கேள்வியை மறுபடி கேட்டார். அவள் ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டார். அவள் தடுமாறினாள், ஒரு சொல்லுக்காகக் கையைக் காற்றில் ஆட்டித் தேடினாள், அவர் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஃப்ரிட்ஜுக்குள் பின்பக்கம் தண்ணீர் வடிகிற ஓட்டையில் ஒரு கொத்தமல்லிக் காம்பு அடைத்திருந்தது. கம்பியை விட்டு எடுத்து, வெந்நீர் ஊற்றி விட்டதோடு வேலை முடிந்தது. வேலை முடிந்தும் பேச்சு முடியவில்லை. அவள் என்னிடம் பேசுவதைவிட வேகமாக, கொஞ்சம் கீச்சென்று, நடுநடுவே தானே சிரித்துக்கொண்டு பேசினாள். இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியும் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது.

கிளம்பும்போது அவர் தமிழுக்குத் திரும்பினார். "நம்ம வீடும் தெப்பக்குளத்துக்குக் கீழ்ப்பக்கந்தான்க்கா. உங்க அம்மா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. வாரேண்ணே."

அவர் போன பிறகும் அவள் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாய்க்குள்ளயே மக்கிப் போயிருக்கும்னு நெனச்சேன்," என்றாள். "இருக்குங்க. அம்புட்டும் இருக்கு."

போனை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மணி அடித்தது. எடுத்தார்கள். அவள் தன் பாஷையில் பேசியதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, 'ஃப்ரிட்ஜ்', 'மெக்கானிக்' என்ற இரண்டைத் தவிர. அந்தப் பக்கம் யாரும் வைக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் இவள் பேசுவதை நிறுத்தி, வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

வைத்த பிறகு, "என்ன சொன்னாங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. அவங்க வீட்டு ஃப்ரிட்ஜும் சரியா கூலாகலையாம். நம்ம மெக்கானிக்க ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வரச் சொல்றாங்க. அந்த ஆளுக்கு வழி தெரியாதாம்."

"ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்கு?"

"அதான் நானும் சொன்னேன். இல்ல, நீயே கூட்டிட்டு வான்னாங்க. ஒத்தையில வராத, உன் வீட்டுக்காரரையும் வரச் சொல்லுன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போனோம். நாங்கள் இருவரும் ஒரு ஸ்கூட்டரில். எங்களுக்கு முன்னால், தன் சொந்தத் தெருவுக்கு வழி தெரியாத மெக்கானிக் பைக்கில். கதவைத் திறந்த அம்மா மகளைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கைப் பார்த்துத்தான் "வாங்க" என்றார். உள்ளே போய், ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்தார். ஒரு வாய்தான் குடித்தேன். பல் கூசிவிட்டது.

"கூலிங்கே இல்ல," என்றார் அம்மா, ஃப்ரிட்ஜைக் காட்டி.

மெக்கானிக் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. என் மனைவி சுவரோரம் நின்று, அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் பையைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் போய்க் குந்தினார். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பெரிய வேலைம்மா," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "சாயந்தரம் ஆயிரும்."

அம்மா அப்போதுதான் திரும்பினார். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், எனக்கும் புரியும்படி தமிழில் சொன்னார்.

"அவசரமில்ல. மெதுவாவே பாருப்பா."