வாளி தாங்காத கைப்பிடி: இலுப்பூரிலிருந்து மீமிசலுக்கு ஒரு வேன் பயணம்

போன மாசியில் என் மனைவி சிவகாமியும் நானும் இலுப்பூரிலிருந்து மீமிசலுக்கு எங்கள் வேனில் போனோம். மீமிசலில் அவள் தங்கை இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சிவகாமி அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அங்கே குளியலறை கொல்லையில், படி இறங்கிப் போக வேண்டும். உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதற்காகத்தான் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து, பின்பக்கம் மூன்றடிக்கு நான்கடியில் ஒரு குளியலறையும் கட்டினேன்.

கட்டிய பட்டறைக்காரர் வண்டியை ஒப்படைக்கும்போது, "சுவத்துல மட்டும் எதையும் மாட்டிறாதீங்க ஐயா, தாங்காது" என்றார். வெளியே தகடு, நடுவில் தெர்மோகோல், உள்ளே மூன்று மில்லிமீட்டர் பிளைவுட். சரி, துண்டை எங்கே போடுவது? சோப்பை எங்கே வைப்பது? போன பதிவில் உங்களிடம் கேட்டேன். ஓட்டை போடாதீர்கள், உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கம்பி போதும், கைப்பிடிக்குப் பசை போதும் என்று வரிசையாக எழுதினீர்கள். வாழ்க்கையில் ஒரு தடவை ஊர்ப் பேச்சைக் கேட்டேன். என்ன ஆயிற்று என்று படியுங்கள்.

காலை எட்டரைக்குக் கிளம்பி, அன்னவாசல் வழியாக அரை மணி நேரத்தில் சித்தன்னவாசல். குகை ஓவியம் பார்ப்பவர்கள் பாறை சுடுவதற்கு முன்பே ஏறிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். நான் மட்டும் ஏறினேன். சிவகாமி வண்டியிலேயே குளித்துக்கொள்வதாகச் சொன்னாள். இறங்கி வரும்போது பாதி தூரத்திலேயே அவள் குரல் கேட்டது.

"என்னங்க, இங்கிட்டு வந்து பாருங்க. ஒங்க வேலை பூராவும் கீழ கெடக்கு."

கிடந்தது. துண்டுக் கம்பியில் அலசிய புடவையைப் போட்டிருக்கிறாள், ரப்பர் விட்டுவிட்டது. வீடியோக்களில் அந்தக் கம்பியில் கைக்குட்டை மாதிரி ஒரு துண்டு தொங்கும். நம் வீட்டில் குளிக்கப் போனவர்கள் புடவையையோ வேட்டியையோ அலசாமல் வெளியே வருவார்களா? ஈரப் பருத்தியின் கனம் ரப்பர் செய்தவனுக்குத் தெரியாது. அது போகட்டும். அவள் பிடித்து எழுவதற்காகப் பசை போட்டு ஒட்டிய கைப்பிடியும் பிளைவுட்டின் மேல்தோலோடு பிய்ந்து கிடந்தது. பக்கத்தில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

"வாளியை எதுக்கு அதுல மாட்டினே?"

"தரையில வச்சா வண்டி திரும்புறப்ப உருளுதுல்ல? பின்ன எங்கிட்டு மாட்டுறது, ஒங்க காதுலயா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "ஒரு வாளித் தண்ணியத் தாங்காதது என்னையத் தாங்குமா? புதுக்கோட்டையில எறக்கி விடுங்க, நான் பஸ்ஸுல வீட்டுக்குப் போறேன்."

அவள் சும்மா பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. இறங்கினால் இனி இந்த வண்டியில் ஏற மாட்டாள். "ஆலங்குடி வரைக்கும் வா. அங்கேயிருந்தும் பஸ் இருக்கு" என்றேன்.

"ஆலங்குடி வரைக்குந்தான்" என்றாள்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி சுமார் இருபது கிலோமீட்டர். அங்கே ஒரு மரக்கடையில் முக்கால் அங்குலக் கனத்தில், மூன்றடி நீளத் தேக்குப் பலகை ஒன்று கேட்டேன்.

"சாமி மாடத்துக்காங்க?" என்றார் கடைக்காரர்.

"கக்கூசுக்கு."

அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இழைத்துக் கொடுத்தார். துளை போட மின்சாரமும் கொடுத்தார்.

இனி நான் செய்ததைக் கவனியுங்கள், இது யாரிடமும் கேட்டதில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை உள்சுவரில் நகர்த்திக்கொண்டே போனேன். இழுக்கிற இடத்தில் உள்ளே இரும்புச் சட்டம் ஓடுகிறது. இரண்டு சட்டங்களுக்கு இடையே இரண்டடி. சிவகாமிக்குக் கைப்பிடி வேண்டிய இடம் சரியாக நடுவில், வெறும் தெர்மோகோல். அதனால் கைப்பிடியை முதலில் பலகையில் பின்புறமிருந்து போல்ட் போட்டு முடுக்கினேன். பிறகு பலகையின் இரு முனைகளையும் இரண்டு சட்டங்களிலும் துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் இறுக்கினேன். ஸ்க்ரூ ஒன்றரை அங்குலம்தான், அதற்கு மேல் போனால் வெளித்தகடு பொத்துக்கொள்ளும். ஓரமெல்லாம் தண்ணீர் இறங்காமலிருக்கச் சிலிக்கான். நட்டு வெளியே தெரியும். அழகு பார்ப்பவர்கள் வேறு பதிவு படிக்கலாம்.

சிவகாமி வாசலில் நின்றாள். "மொதல்ல நீங்க தொங்குங்க."

தொங்கினேன். எழுபத்தெட்டுக் கிலோ. மரக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வேனு சாஞ்சிறப் போகுதுங்க" என்றார். பலகை முனகக்கூட இல்லை. அவள் உள்ளே வந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, மெல்ல உட்கார்ந்து எழுந்தாள். இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்தாள். பிறகு முன்சீட்டில் போய் ஏறிக்கொண்டாள்.

அறந்தாங்கி வழியாக மீமிசல் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. வழியில் குலுக்கல் உண்டு, வண்டியை நாற்பதுக்கு மேல் விரட்டாதீர்கள். மீன் வேண்டுமென்றால் காலையில் படகு வரும் நேரத்துக்குப் போங்கள்.

உங்கள் சுவரும் மெலிதா? காந்தத்தை வைத்துச் சட்டத்தைத் தேடுங்கள். சட்டம் இல்லாத இடத்தில் பலகையைக் குறுக்கே போடுங்கள். காய்ந்த துண்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரப்பரும் பசையும் பல்துலக்கும் பிரஷ்ஷுக்கு ஆகும், மனிதருக்கு ஆகாது. இதற்கு மறுப்பு எழுதுகிறவர்கள் முதலில் உங்கள் கம்பியில் தொங்கிவிட்டு எழுதுங்கள்.

மறுநாள் காலை அவள் தங்கை வீட்டு வாசலில் வேனை நிறுத்தியிருந்தேன். சிவகாமி யாரையும் கூப்பிடாமல் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் வெளியே காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், குடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்று கொஞ்ச நேரம் கழித்துத் தலையில் துண்டோடு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். கைப்பிடியில் ஈரப் புடவை, அதே கைப்பிடியின் ஓரத்தில் வாளியும் தொங்கியது.

"இன்னொரு பலகை போடுங்க. வாளிக்குத் தனியா வேணும்" என்றாள். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையைக் காட்டி, "இங்கிட்டுப் போனா தொண்டிதானே? ராமேஸ்வரம் எம்புட்டுத் தூரம்?"