நாத்தனார் கீறிய சுவர்

பிச்காரி என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஹோலிக்குச் சாயம் பீய்ச்சுவார்களே, அந்தப் பிச்காரிதான். ஆனால் இது ஏறக்குறைய ஆள் உயரம், பளபளவென்ற உலோகம், ஒரு முனையில் இரண்டு சின்னச் சக்கரங்கள், பக்கத்தில் காகித நாடாச் சுருள். எங்கள் தொழிற்சாலையில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அறைக்காக வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளில் ஒன்றில் அது வந்து இறங்கியது. அந்த அறைக்குச் செங்கல் சுவர் கிடையாது, ஜிப்சம் பலகைச் சுவர். இரண்டு பலகை சேரும் இடுக்கின்மேல் பிச்காரியை உருட்டிக்கொண்டு போனால் பசையும் நாடாவும் தானாக ஒட்டிக்கொண்டே வருமாம். பெயிண்ட் ஷாப் ஃபோர்மேன் அதைத் தோளில் சாய்த்து, துப்பாக்கி பிடித்த சிப்பாய் மாதிரி நின்று காட்டினார். எல்லோரும் சிரித்தோம். என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவள் புருஷன் அதே தொழிற்சாலையில் பெயிண்டராக இருந்து காய்ச்சலில் போய்விட்டார். கருணை அடிப்படையில் இவளுக்கு வேலை கொடுத்தார்கள். என்ன வேலை? பெயிண்ட் ஷாப்பில் ஆண்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை. நான் சிவில் பிரிவில் டைப்பிஸ்ட். செகந்திராபாத் பக்கம் மல்லாபூரில் எங்கள் வீட்டிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவாள். "ஒரு பானைக்கும் பத்துத் தொண்டைக்கும் நடுவுல நடக்கிறதுக்கா என்னைப் பெத்தாங்க?" என்பாள். அந்தக் காலத்தில் பொதுத்துறையில் பெண்களுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா என்று இன்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே கோபம் வந்துவிடும். இருந்தது, பானை பக்கத்தில் நின்றவரைக்கும் இருந்தது.

வீணாகிப்போன பலகைத் துண்டுகளைச் சாப்பாட்டு நேரத்தில் பொறுக்கி வைத்துக்கொண்டு, இடுக்கில் பட்டிப் பசை பூசி, நாடா ஒட்டிப் பழகுவாள். பூசியதும் நாடாவை வைத்து, பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அதிகப் பட்டி இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியே வர வேண்டும், ஆனால் நாடாவுக்கு அடியில் கொஞ்சம் தங்கவும் வேண்டும். காய்ந்ததும் அதைவிட அகலத் தகட்டால் இன்னொரு பூச்சு, அப்புறம் இன்னும் அகலமாக. கடைசியில் உப்புத்தாள். ஆண்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்தால் தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொடி. என் கணவர் "அக்கா, உனக்கு வயசாயிடுச்சு" என்று கிண்டல் செய்வார். "உன் பொண்டாட்டி சமையல் சாப்பிட்டா வேற என்ன ஆகும்?" என்று என்னையும் சேர்த்து வாருவாள்.

பிச்காரியின் கதை சீக்கிரமே முடிந்தது. அதோடு வந்த பசை டின்கள் ஸ்டோரில் கிடந்தே காய்ந்துவிட்டன. ஃபோர்மேன் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் உருது கலந்து வரும், எதற்கும் அசராத மனிதர். "பசை இல்லேன்னா காய்கு டென்ஷன், எதுக்கு? நம்ம பிளாஸ்டர் இருக்கே" என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து அதற்குள் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் உள்ளே எல்லாம் கல்லாகிவிட்டது. சுத்தியலால் தட்டினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள், அசையவில்லை. சிவில் பிரிவின் அதிகாரி வந்து பார்த்து, "ஃபாரின் சாமான் நம்ம வெயிலுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஃபோர்மேன் ஃபோர்மேனாகவே இருந்தார்.

இனி எல்லாம் கையால்தான் என்று ஆனது. அது கல்யாண சீசன், பாதி ஆட்கள் லீவு. நாத்தனார் நேராக அதிகாரி அறைக்குள் போய், "ஒரு சுவரைக் குடுங்க சார், நான் முடிக்கிறேன்" என்றாள். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். பின்னாலேயே ஓடிவந்த ஃபோர்மேன், "நக்கோ சார், வேணாம், புடவை கட்டிக்கிட்டு சாரத்துல ஏறுவாங்களா?" என்றார். அதிகாரிக்கு வேலை முடிந்தால் சரி. "பின் சுவரை எடுத்துக்கோங்க. நல்லா வந்தா பெயிண்டர் வேலைக்கு எழுதறேன். வரலேன்னா மறுபடி தண்ணிதான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார். நாத்தனார் தலையாட்டினாள்.

மறுநாள் புடவைக்கு மேல் செத்துப்போன புருஷனின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறினாள். பிளாஸ்டர் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வடித்த கஞ்சி. கொஞ்சம் கலந்தால் இறுகுவது தள்ளிப்போகும், நாடாவை நிதானமாக இழுக்கலாம். தினமும் காலையில் கஞ்சியை வடிகட்டித் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. கேட்டில் காவலாளி திறந்து மோந்து பார்த்துவிட்டு, எங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று நினைத்து இரக்கப்பட்டார். சுவர் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தது. வயரில் கட்டிய பல்பைச் சுவரோரமாகப் பிடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். அப்படிப் பிடித்துப் பார்த்தும் பலகை எங்கே சேர்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிகாரி பார்க்க வரவேண்டிய நாளன்று காலையில் போனால், சுவரின் நடுவில் ஒரு நாடா உப்பிக்கொண்டு நின்றது, தோசையில் எழும்புகிற கொப்புளம் மாதிரி. ஃபோர்மேன் விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்று வெறுமையாகச் சத்தம் கேட்டது. "கஞ்சி காய்ச்சுறவங்க கஞ்சி காய்ச்சணும்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. அதற்குள் அதிகாரியும் வந்துவிட்டார். பல்பைச் சாய்த்துப் பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"என்னம்மா இது?"

"அந்த இடத்துக்கு முந்தின நாள் கஞ்சி ஊத்திட்டேன் சார். புளிச்சிருந்தது, பிடிக்கலை. தப்பு என்னுதுதான்."

"அப்ப பேசின மாதிரியே செஞ்சிடலாம். தண்ணி வேலைக்கே..."

"ஃபோர்மேன் அந்தப் பிச்காரியைக் கல்லாக்கினாரே, அவரை எந்தப் பானைக்கு அனுப்பினீங்க சார்?"

ஃபோர்மேன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சாரத்தில் ஏறிவிட்டாள். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, உப்பிய நாடாவை மேலிருந்து கீழே ஒரே கீறாகக் கீறினாள். நாடாவைப் பிடித்து உரித்தாள். வெள்ளைத் தூள் அதிகாரியின் ஷூமீது கொட்டியது. "ஆம்பளைங்க தப்புப் பண்ணா கீறிட்டுத் திரும்பப் பூசுவாங்க. நானும் கீறிட்டேன். நாளைக்கு வந்து பாருங்க" என்றாள். குரலில் கெஞ்சல் கொஞ்சம்கூட இல்லை. அதிகாரி ஷூவைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அண்மையில் பேத்தியைச் சேர்க்க அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டருக்குப் போயிருந்தேன். மாடி முழுக்கப் பலகைச் சுவர்தான், ஒவ்வொரு இணைப்பும் தழும்பு மாதிரி தெரிகிறது. நாத்தனார் இருந்திருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பாள். அவள் போய் வருஷங்கள் ஆகின்றன. பேத்தியிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். "வாவ், ஷி வாஸ் லக்கி பாட்டி, அவ்ளோ நல்ல பாஸ்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எந்த பாஸும் எதையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. புதுக் கஞ்சியோடு மறுநாள் அவள் முடித்த சுவரை அதிகாரி தடவிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, எழுதினார். அந்த உத்தரவை டைப் அடித்தவள் நான். பெயருக்குப் பக்கத்தில் 'பெயிண்டர்' என்று அடித்தபோது விசையைத் தேவைக்கு மேல் அழுத்தமாகத்தான் குத்தினேன்.

உத்தரவு வந்த பிறகும் தண்ணீர் கொடுக்க வேறு ஆளைப் போடவில்லை. முதல் நாள் டீ நேரத்தில் ஃபோர்மேன் பழக்கதோஷத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அம்மா, தண்ணி கொண்டா" என்று குரல் கொடுத்தார். நாத்தனார் சாரத்தின்மேல் நின்று நாடாவை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுப்பை நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பானை அங்கதான் இருக்கு. போறப்ப எனக்கும் ஒரு டம்ளர்."