மர்ஸூக் கட்டிய வளைவு

என் மூத்த மகன் பெயர் ஃபவாஸ். அதனால் நான் பூ ஃபவாஸ், அதாவது ஃபவாஸின் அப்பா. குவைத்தில் எங்கள் தெருவுக்கு வந்து என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். என் பெரியப்பா மகன் மர்ஸூக்குக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் மகன் பிறந்திருந்தால் தன் அப்பா பெயரான ஸாலிஹைத்தான் வைத்திருப்பான் என்பதால், அவனை பூ ஸாலிஹ் என்று கூப்பிட்டோம். முப்பது வருஷம் அப்படித்தான் கூப்பிட்டோம். வாசலில் யாராவது வந்து "பூ ஸாலிஹ் இருக்காரா?" என்று கேட்டால், அவன் மனைவி லுல்வா முகம் மலர்ந்துதான் பதில் சொல்வாள். பிறக்காத பிள்ளையின் அடையாளமாக அவர்களிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான். எங்கள் சிநேகிதன் ஹமூத் அதைத்தான் பறித்தான். பறித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து முதல் ஆளாகச் சிரித்தவன் நான்.

மர்ஸூக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றதும், "இத்தனை நாள் தண்ணியில இருந்து உப்பை எடுத்தேன், இனிமே போடுறேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டு முன்னறையில் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கடல்நீர் மீன்தொட்டி வைத்தான். அந்த முன்னறைதான் எங்கள் திவானியா. சாயங்காலமானால் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே சுவரோரம் சாய்ந்து காபி குடித்துக்கொண்டு ஊர் வம்பு பேசுவோம். மற்ற திவானியாக்களில் டிவி ஓடும். எங்களுக்கு அந்தத் தொட்டி.

மீன் வாங்குவது பெரிய வித்தையில்லை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பவளமும் அப்படித்தான். மர்ஸூக்கின் கெட்டிக்காரத்தனம் உள்ளே கல் அடுக்குவதில் இருந்தது. தொட்டியின் அளவுக்குத் தரையில் டேப் ஒட்டி, அதற்குள் கற்களை வைத்து வைத்துப் பார்ப்பான். மூன்று நாள் ஆகும், சில சமயம் ஒரு வாரம் ஆகும். லுல்வா அந்த டேப்பைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று இடத்தில் பிடிமானம் வேண்டும், ஒற்றை விரலால் தள்ளினால் அசையக் கூடாது என்பான். அசைந்தால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தொடங்குவான். திருப்தி வந்த பிறகு துளை போட்டு, துருப்பிடிக்காத பிளாஸ்டிக் கம்பியைச் சொருகி இறுக்குவான்.

அப்புறம் மணல். கல்லை வெறும் கண்ணாடித் தரையில் உட்கார வைத்துவிட்டு, மணலைக் கடைசியில்தான் கொட்டுவான். மணலுக்குள் வாழும் ஜந்துக்கள் ஓயாமல் தோண்டும். கல் மணல்மேல் நின்றால் அடியில் பள்ளம் விழுந்து என்றாவது ஒருநாள் சரியும். "கல்லு தரையில நிக்கணும். மணல் பக்கத்துல சும்மா படுத்துக்கிடக்கணும்" என்று அவன் சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்துவிட்டது. ஹமூதின் காதில் மட்டும் அது ஏறவில்லை. தன் பேச்சைக் கேட்கவே அவன் காதுக்கு நேரம் பற்றாது.

ஆறு வருஷத்துக்கு முன்பு மர்ஸூக்கும் லுல்வாவும் உம்ரா செய்ய மக்காவுக்குப் போனார்கள். மீன்களுக்கு இரை போடும் பொறுப்பை ஹமூத் வலியப் போய் வாங்கிக்கொண்டான். ஒரு மத்தியானம் அவனோடு நானும் போனேன். மஞ்சள் மீன் ஒன்று கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. "இரு, அவனை வெளிய வரவைக்கிறேன் பாரு" என்று ஹமூத் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தோள்வரை கையை விட்டு மேல்கல்லைப் பிடித்து இழுத்தான். கம்பி ஒடிந்தது. கல் சுவர் மொத்தமும் சரிந்தது. மூன்று வருஷமாக வளர்ந்த பவளங்கள் நசுங்கின. ஐந்து மீன்கள் அடியில் மாட்டிச் செத்தன.

ஹமூத் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "நாம ஒண்ணும் பாக்கல" என்றான். என் மகன் வேலைக்காக ஹமூத் அமைச்சகத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த வாரம் அது. நானும் ஒன்றும் பார்க்கவில்லை.

மர்ஸூக் ஊர் திரும்பிய அன்று திவானியா நிறைந்திருந்தது. ஹமூத் நடுவில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். "நான் பாட்டுக்கு இரை போட்டுட்டு இருக்கேன். தன்னால சரியுதுப்பா, பொலபொலன்னு! இவரு பெரிய மேஸ்திரியாம், நமக்குப் பாடம் வேற எடுப்பாரு! இனிமே இவரு பூ ஸாலிஹ் இல்ல. பூ ஹஸா!"

ஹஸா என்றால் சரளைக்கல். சரளைக்கல்லின் அப்பா. நான் சிரித்தேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் இப்படி ஒட்டிக்கொண்ட பெயரைச் சுரண்டி எடுக்க முடியாது. ஒரு மாதத்தில் மளிகைக்கடை வரை போய்விட்டது. ஒருநாள் வாசலுக்கு வந்த எவனோ லுல்வாவிடமே, "பூ ஹஸா வீடு இதுதானே?" என்று கேட்டிருக்கிறான். அவள் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து வாசல் மணி அடித்தால் அவள் எழுந்து போவதில்லை.

மர்ஸூக் அந்த ஒடிந்த கம்பியை எடுத்து வைத்திருந்தான். ஒருநாள் என்னிடம் காட்டினான்.

"இது விழுந்து ஒடிஞ்சதில்ல, இழுத்து ஒடிஞ்சது. அவன் கையை விட்டிருக்கான். அன்னிக்கு நீ அங்க போனியா?"

"நானா? இல்லையே."

"சரி" என்றான். "அவனை விடமாட்டேன். பத்து வருஷம் ஆனாலும் விடமாட்டேன்."

நான்கு வருஷம் ஆனது. ஹமூத் புது வீடு கட்டினான். பளிங்குத் தரை போட்ட திவானியா, அதில் மூன்று மீட்டர் தொட்டி, தொட்டி நடுவில் ஆள் இடுப்பு உயரத்துக்குக் கல் வளைவு வேண்டும் என்று ஆசை. மூன்று ஆட்களை வரவழைத்துப் பார்த்தான். ஒருவனுக்கும் வளைவு நிற்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு மர்ஸூக்கின் திவானியாவுக்கே வந்தான். கொடுத்த காபியைக் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தான். கோரிக்கையோடு வந்தவன் செய்வது அது. வீட்டுக்காரன் சம்மதம் சொன்னால்தான் குடிப்பான், சம்மதம் சொன்ன பிறகு வீட்டுக்காரன் பின்வாங்கவே கூடாது.

"நீ வந்து கல்லு வச்சுத் தரணும்" என்றான் ஹமூத். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதே. உன்னை விட்டா யாரு இருக்கா?"

மர்ஸூக் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மறுப்பான் என்றுதான் நினைத்தேன்.

"குடி" என்றான். "ஆச்சு."

ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டான். ஒன்பது நாள் வேலை. அப்படி ஒரு வளைவை நான் பார்த்ததில்லை. தண்ணீருக்குள் ஒரு மசூதி வாசல் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் கல்லை இறக்குகிற அன்று அவன் மணல் வாளியை முதலில் எடுத்தான்.

"மணல் கடைசியிலதானே?" என்றேன்.

"இந்தத் தடவை முதல்ல."

கம்பியும் சொருகவில்லை. வெறும் எடையில் நின்றது வளைவு. எல்லாம் முடிந்ததும், தன் பங்குக்கு என்று ஒரு விரல் நீள இறால் ஜோடியைப் பரிசாக விட்டான். சொடக்குப் போடுவதுபோல் சத்தம் எழுப்பும், ராப்பகலாகச் சுரங்கம் தோண்டும் இறால். "அழகா இருக்கேப்பா!" என்று ஹமூத் அவனைக் கட்டிக்கொண்டான். சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஹமூதுக்கு வேண்டும், நன்றாக வேண்டும்!

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து மர்ஸூக் அங்கே போனான். எதிரி வீட்டில், தொட்டிக்கு நேர் எதிரே, தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்து காத்திருந்தான். முதல் வெள்ளி ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வெள்ளி வளைவின் இடக்காலுக்கு அடியில் எலிப்பொந்து போல ஒன்று தெரிந்தது. மூன்றாவது வெள்ளி வளைவு லேசாகச் சாய்ந்திருந்தது. "எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரு அழகு!" என்றான் ஹமூத். மர்ஸூக் ஆமாம் என்று தலையாட்டினான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் நான்கு வருஷமாகப் பார்க்கவில்லை.

நான்காவது வெள்ளி ஹமூதின் சம்பந்தி வீட்டார் முதல்முறையாக விருந்துக்கு வந்திருந்தார்கள். தரையில் விரித்து, பெரிய தாம்பாளத்தில் ஆட்டிறைச்சி மச்பூஸ் வைத்து, எல்லோரும் சோற்றில் கை வைத்த நேரம். உள்ளே மந்தமாக ஒரு சத்தம் கேட்டது. வளைவு முன்னால் குனிந்து கண்ணாடியில் முட்டியது. குறுக்கே ஒரு கோடு ஓடியது. அடுத்த நொடி மொத்தக் கடலும் சம்பந்தி மடியில்.

ஒருவருக்கும் அடிபடவில்லை. சோறு மிதந்தது. ஹமூத் தலைப்பாகை நழுவி, தாடியில் திராட்சையும் வெங்காயமும் ஒட்ட, வாய் திறந்தபடி நின்றான். நான் என் வாழ்நாளில் பார்த்த மிக அழகான காட்சி அது.

ஆனால் மர்ஸூக் அதைப் பார்க்கவில்லை. அவன் முழங்காலிட்டு, தொட்டியில் மீதமிருந்த தண்ணீரைக் காலி மோர் ஜாடியில் பிடித்து, துள்ளுகிற மீன்களை அதற்குள் போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் யாரோ கேட்டார்கள், "யாரு கட்டினது இதை?" எங்கள் தெருக்காரன் ஒருவன் பதில் சொன்னான்: "வேற யாரு? நம்ம பூ ஹஸாதான்!"

நனைந்த கூடம் அதிர்ந்தது. சம்பந்தியே சிரித்தார். மர்ஸூக் ஜாடியோடு எழுந்தான். இந்த ஒன்றை அவன் நான்கு வருஷத்திலும் யோசிக்கவில்லை. பழிவாங்குவதற்காக அவன் தன் கையாலேயே ஹமூதின் பொய்யை உண்மையாக்கிவிட்டான்.

"நான் வேணும்னேதான் பண்ணினேன்!" என்று கத்தினான். "மணல் மேல வச்சேன்! கம்பி போடல! தோண்டுற இறாலை விட்டேன்!"

"ஆமாப்பா, வேணும்னேதான்!" என்று ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "போன தடவையும் வேணும்னேதானா?"

மர்ஸூக் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. நீ பாத்தியே."

நான் உண்மையைச் சொன்னால், சம்மதம் கொடுத்துவிட்டு ஏமாற்றியவன் என்று ஆகிவிடுவான். இந்த ஊரில் ஒரு வீட்டுப் படியும் ஏற முடியாது. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"விடுங்கப்பா" என்றேன். "வயசாச்சு, கை தவறிருச்சு. வெட்கத்துல என்னமோ சொல்றான்."

ஹமூத் அருகில் வந்து, எல்லோரும் பார்க்க, மர்ஸூக்கின் நெற்றியில் முத்தமிட்டு அவனை மன்னித்தான். மர்ஸூக் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினான். நான் கார்வரை பின்னால் ஓடினேன்.

"ஏமாத்தினவன்னு பேர் வந்தா வரட்டும்" என்றான். "அது நான் சம்பாதிச்ச பேரு. கல்லு வைக்கத் தெரியாதவன்கிறது எனக்குச் சம்பந்தமில்லாத பேரு. அதை நீ ரெண்டு தடவை எனக்கு வச்சிருக்கே."

"ரெண்டு தடவையா?"

"அன்னிக்கு நீ அங்க இருந்தே. முதல்ல சிரிச்சது நீதான், அப்பவே தெரியும். நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வருஷம் அவன் என்னிடம் பேசவில்லை. போன மார்ச்சில் லுல்வா இறந்தாள். மூன்று நாள் துக்கம். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, வருகிறவர்கள் கை கொடுத்து நகர்ந்தார்கள். ஹமூதும் வந்து உட்கார்ந்திருந்தான். வெளியூர்க் கிழவர் ஒருவர், மரியாதையாகவே, தெரியாத்தனமாக, "அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும், பூ ஹஸா" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது என் கால்தான், நானில்லை.

"அவர் பேரு பூ ஸாலிஹ்" என்றேன். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவர் வீட்டுக் கல்லை இழுத்துச் சாய்ச்சது இதோ இந்த ஹமூத். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பொய் சொன்னேன். ஹமூத் வீட்டுக் கல்லு விழணும்னே வச்சது. அதுக்கும் நான் சாட்சி."

ஹமூத் முகம் வெளுத்துத் தரையைப் பார்த்தான். நான் மர்ஸூக்கிடம் போய்க் கையை நீட்டினேன். அவன் என் கையை வெகுநேரம் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"இது லுல்வா இருக்கும்போதே அவ காதுல விழுந்திருக்கணும்" என்றான். பிறகு எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கை கொடுத்தான்.